‘அவுட்லா’ – மீறியவனா, விலக்கப்பட்டவனா?

நம் பிள்ளைகள் பள்ளியில் ராபின் ஹுட் கதை படிக்கிறார்கள். அதில் அவன் ஓர் ‘அவுட்லா’. காட்டில் ஒளிந்து வாழ்ந்து, வழிப்பறி செய்து, ஏழைக்குக் கொடுத்தவன். அதே வீட்டுக்கு வரும் ஆங்கில நாளிதழில், ஓர் அரசு ஏதோ ஒரு வழக்கத்தை ‘அவுட்லா’ செய்துவிட்டதாகத் தலைப்புச் செய்தி. "அவுட்லான்னா திருடனா, இல்ல தடை பண்றதா? ரெண்டும் எப்படி ஒரே வார்த்தையாகும்?" என்று பிள்ளை கேட்டால் நம்மில் பலர், "ரெண்டும்தான், இடத்தைப் பார்த்துப் புரிஞ்சுக்கோ" என்று சொல்லி நகர்ந்துவிடுவோம்.

ஆனால் கேள்வி நியாயமானது. ஒரு பக்கம் சட்டத்தை மீறுகிற மனிதன். மறுபக்கம் சட்டத்தால் தடுக்கிற அரசு. எதிரெதிரே நிற்கிற இருவருக்கும் ஒரே சொல் எப்படி வந்தது? இதை விளக்கப் புகுந்தால் அகராதியோடு வேலை முடிவதில்லை. மதுரைச் சீமைக்கும், நாம் பிழைக்க வந்த இந்த வங்காளத்துக்கும் பொதுவான ஒரு பழைய காயம் வரை அது நம்மை இட்டுச் செல்கிறது.

சொல் பிறந்த கதை

‘அவுட்லா’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அல்ல. கடல் கடந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. ‘அவுட்’ என்பது வெளி. ‘லா’ என்பதும் அதே மொழியின் கொடைதான். ‘இடப்பட்டது, வைக்கப்பட்டது’ என்பது அதன் வேர்ப்பொருள். நாமும் ‘கட்டளை இட்டான்’ என்றுதானே சொல்கிறோம். ஆகவே அவுட்லா என்றால் ‘இட்ட சட்டத்துக்கு வெளியே நிற்பவன்’ என்று ஆகிறது.

இங்கேதான் ஒரு நுட்பம். வெளியே நிற்பவன் தானாக வெளியே போனவனா, வெளியே தள்ளப்பட்டவனா? இன்று நாம் முதலாவதை நினைக்கிறோம். சொல் பிறந்தபோது இருந்த பொருள் இரண்டாவது.

இடைக்கால இங்கிலாந்தில் ஒருவன்மேல் குற்றச்சாட்டு வந்தால் வட்டார மன்றத்தில் அவன் பெயரைச் சொல்லி அழைப்பார்கள். அடுத்தடுத்த கூட்டங்களில் திரும்பத் திரும்ப அழைத்தும் வராவிட்டால், அவனை அவுட்லா என்று அறிவிப்பார்கள். அந்தக் கணம் முதல் சட்டத்தின் பாதுகாப்பு அவனுக்கு இல்லை. சொத்து பறிபோகும். அவனுக்குச் சோறு போடுவதும் குற்றம். முற்காலத்தில் அவனை யார் கொன்றாலும் கேள்வி கிடையாது. ‘ஓநாய்த் தலை சுமப்பவன்’ என்று அவனுக்குப் பெயர். ஓநாயைக் கண்டவர் கொல்லலாம் அல்லவா, அதுபோல.

அவன் குற்றம் செய்தான் என்று நிரூபிக்கப்பட்டதால் அல்ல, அழைத்தும் வராததால் அவன் அவுட்லா ஆனான் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நிரபராதியாக இருந்து பயந்து ஓடியவனும் அவுட்லாதான்.

பெண்களைப் பற்றி இன்னொரு விசித்திரம் உண்டு. பன்னிரண்டு வயதான ஆண்பிள்ளை சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழி எடுப்பான். பெண்ணுக்கு அந்த உறுதிமொழியே இல்லை. உள்ளே இல்லாதவளை எப்படி வெளியே தள்ளுவது? ஆகவே அவளை அவுட்லா என்று சொல்லாமல், ‘கைவிடப்பட்டவள்’ என்ற பொருளில் வேறொரு சொல்லால் குறித்தார்கள். பெயர்தான் வேறு, தண்டனை ஒன்றேதான்.

இந்த அதிகாரம் எவ்வளவு கொடியது என்பதை அந்நாட்டார் அப்போதே உணர்ந்திருந்தார்கள். 1215ல் ஜான் மன்னன் ஏற்றுக்கொண்ட மாக்ன கார்ட்டாவின் 39ஆம் பிரிவு, சுதந்திர மனிதன் எவனையும் முறையான தீர்ப்போ நாட்டுச் சட்டமோ இல்லாமல் சிறையில் அடைக்கவோ அவுட்லா ஆக்கவோ கூடாது என்கிறது. ஆயினும் வழக்கம் நீண்டகாலம் நீடித்தது. ஜான் வில்க்ஸ் என்ற நாடாளுமன்றவாதி 1764ல் அவுட்லா என்று அறிவிக்கப்பட்டு, 1768ல் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. உரிமை வழக்குகளில் 1879லும், குற்ற வழக்குகளில் 1938லும்தான் இங்கிலாந்து இந்த முறையைச் சட்டப்படி ஒழித்தது.

ஆக, முதலில் ‘அவுட்லா ஆக்கு’ என்ற வினைக்கு எழுவாய் சட்டம். செயப்படுபொருள் ஒரு மனிதன். தண்டனை முறை தேயத் தேயச் சொல் இரண்டாகக் கிளைத்தது. பெயர்ச்சொல் ‘சட்டத்தை மீறித் திரிபவன்’ என்று ஆனது. வினைச்சொல் மனிதனை விட்டுவிட்டு, ஒரு செயலையோ பொருளையோ ‘சட்டப்படி தடைசெய்’ என்ற பொருளுக்கு நகர்ந்தது. பிள்ளையின் கேள்விக்கு இதுதான் விடை.

உறவுக்காரச் சொற்கள்

இந்தக் கதை ‘அவுட்லா’வுக்கு மட்டும் உரியதல்ல. ‘பேண்டிட்’ என்றால் கொள்ளைக்காரன். அது இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் நேர்ப்பொருள் ‘பறை அறைந்து விலக்கப்பட்டவன்’. ‘பேன்’ என்கிறோமே, தடை, அதற்கும் இதற்கும் உறவு உண்டு. விமான நிலையத்தில் ‘காண்ட்ராபேண்ட்’ என்று எழுதி வைத்திருப்பதும் அதே குடும்பம்: அறிவிப்புக்கு எதிரான சரக்கு, கடத்தல் பொருள்.

‘புரொஸ்கிரைப்’ என்ற சொல்லும் அப்படித்தான். இன்று அமைப்புகளைத் தடைசெய்வதற்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். அதன் மூலப்பொருள் ‘பொதுவிடத்தில் எழுதி வைத்தல்’. கி.மு. 82ல் ரோமாபுரியில் சுல்லா என்ற தளபதி ஆட்சியைக் கைப்பற்றித் தன் எதிரிகளின் பெயர்களை எழுதிப் பொதுவிடத்தில் வைத்தான். பெயர் ஏறியவனின் உயிருக்கும் சொத்துக்கும் காவல் இல்லை.

மூன்று சொற்கள், மூன்று ஊர்கள். எல்லாவற்றிலும் முதலில் ஓர் அறிவிப்பு, பிறகுதான் ‘குற்றவாளி’. பெயர் சூட்டல் முந்திக்கொள்கிறது.

எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

பிள்ளைகளுக்கும், அலுவலகத்தில் ஆங்கிலம் எழுதுகிறவர்களுக்கும் பயன்படும் சில குறிப்புகளை இங்கே தரலாம்.

பெயர்ச்சொல்லுக்கும் வினைச்சொல்லுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான். முதல் அசையில்தான் அழுத்தம். வாக்கியத்தில் இருக்கும் இடத்தைக் கொண்டே பொருளை அறிய வேண்டும்.

தவறு செய்த எல்லாரும் அவுட்லா அல்லர். பிடிபட்டு, வழக்கு நடந்து, தண்டனை அனுபவிப்பவர் குற்றவாளி. சட்டத்துக்கு உள்ளே இருப்பவர். பிடிபடாமல் திரிந்து, சட்டத்தின் பிடிக்கு வெளியிலேயே வாழ்பவனைத்தான் அவுட்லா என்பார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டி தாராதலா சந்திப்பில் அபராதம் கட்டியவரை அவுட்லா என்றால் சிரிப்பார்கள்.

வினைச்சொல்லாக வரும்போது அதைச் செய்வது சட்டமியற்றும் அரசு அல்லது நீதிமன்றம். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் மொட்டை மாடியில் வற்றல் காயப்போடுவதை ‘பேன்’ செய்யலாம். ‘அவுட்லா’ செய்ய முடியாது. பள்ளிக்கூடம் செல்போனைத் தடுக்கலாம், அதுவும் ‘பேன்’தான். ‘இல்லீகல்’ என்பது ஒரு செயலின் நிலையைச் சொல்லும். ‘அவுட்லா’ என்பது அந்த நிலைக்கு அதைக் கொண்டுபோன செயலைச் சொல்லும்.

இந்தப் பெயருக்கு ஒரு கவர்ச்சியும் உண்டு. ராபின் ஹுட்டைப் போல நமக்கும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் ஜம்புலிங்கம், தர்மபுரிப் பக்கம் மலையூர் மம்பட்டியான் என்று பாட்டும் கதையும் சினிமாவும் உண்டு. இங்கே வங்காளத்தில் ரகு டாகாத் பெயரைக் கேட்காத கிழவி கிடையாது. பங்கிம் சந்திரர் 1884ல் எழுதிய ‘தேவி சௌதுராணி’ நாவலின் தலைவியே கொள்ளைக் கூட்டத்தின் தலைவிதான். எரிக் ஹாப்ஸ்பாம் என்ற வரலாற்றாசிரியர் 1969ல் வெளியிட்ட தம் ‘பேண்டிட்ஸ்’ நூலில் இத்தகையவர்களைச் ‘சமூகக் கொள்ளையர்’ என்று வகைப்படுத்தினார்: அரசுக்குக் குற்றவாளி, ஊராருக்கு நாயகன். சட்டம் நியாயமாக நடக்கவில்லை என்று ஜனங்கள் நினைக்கும் இடத்தில் அவுட்லா கதாநாயகன் ஆகிவிடுகிறான் என்பது இதன் சாரம்.

தமிழில் என்ன சொல்வது?

தமிழில் ஒரே சொல்லால் இரண்டையும் சமாளிக்க முடியாது. இதைக் குறை என்பதைவிட வசதி என்றே கொள்ள வேண்டும். ஆளைக் குறிக்க ‘சட்டத்தை மீறியவர்’, ‘தலைமறைவானவர்’, ‘கொள்ளையர்’ என்று சூழலுக்கேற்பச் சொல்கிறோம். பழைய இலக்கியத்தில் பாலை நிலத்து வழிப்பறிக்காரர்களை ‘ஆறலை கள்வர்’ என்றார்கள். ஆறு என்றால் வழி. செயலைத் தடுப்பதைக் குறிக்க ‘தடைசெய்தல்’, ‘சட்டவிரோதம் என அறிவித்தல்’ என்கிறோம்.

ஆனால் நம்மிடமும் இருமுகச் சொல் ஒன்று உண்டு: ‘விலக்கு’. மதுவிலக்கு என்றால் மது வேண்டாம் என்று தடுப்பது. ஊர்விலக்கு என்றால் மனிதனைத் தள்ளி வைப்பது. வரிவிலக்கு என்றாலோ தடையும் இல்லை, தள்ளலும் இல்லை, ஒரு சலுகை! விலக்கப்படுவது பொருளா, மனிதனா, சுமையா என்பதைப் பொறுத்து ஒரே சொல் நன்மையும் ஆகிறது, கொடுமையும் ஆகிறது.

ஊர்விலக்கை எண்ணிப் பாருங்கள். நெருப்பு கொடுக்கக் கூடாது, கிணற்றில் நீர் எடுக்கக் கூடாது, நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது, வண்ணார் நாவிதர் வரக் கூடாது. இங்கிலாந்தின் ஓநாய்த் தலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மகாராஷ்டிரத்தில் இத்தகைய சமூக விலக்கைக் குற்றமாக்கி 2016ல் தனிச்சட்டமே கொண்டுவந்தார்கள். விலக்கி வைப்பதையே சட்டம் விலக்கியது.

வங்காளியில் ‘பேஆயினி’ என்பார்கள், சட்டத்துக்குப் புறம்பானது. ‘நிஷித்தோ’ என்றால் தடைசெய்யப்பட்டது. காளி பூஜை நெருங்கினால் பெஹாலா சௌராஸ்தாவில் டீ குடிக்கிறவர் வாயில்கூட ‘நிஷித்தோ பாஜி’, தடைசெய்யப்பட்ட வெடி, என்ற பேச்சு அடிபடும். அங்கே தடைசெய்யப்பட்டது வெடி, வெடிக்கிற பையன் அல்ல. அவன் வெடியைக் கீழே போட்டுவிட்டால் பழையபடி பக்கத்து வீட்டுப் பையன்தான்.

இந்தச் சின்ன உதாரணத்தை மனதில் வைத்துக்கொண்டு வரலாற்றுக்குப் போவோம்.

செயலை விலக்கிய சட்டம்

பெஹாலாக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. 1698 நவம்பர் 10ஆம் நாள் இங்கே பரீஷாவில் உள்ள சாபர்ண ராய் சௌதுரி குடும்பத்தாரின் ஆட்சாலாவில்தான், சுதானுட்டி, கோவிந்தபூர், கலிகாதா என்ற மூன்று கிராமங்களின் உரிமை 1,300 ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியது. அந்தப் பத்திரத்தில் காலூன்றிய கம்பெனிதான் நூற்றுமுப்பது ஆண்டுகளில் நாட்டுக்கே சட்டம் எழுதும் நிலைக்கு வந்தது.

அவர்கள் எழுதிய சட்டங்களில் ஒன்று 1829 டிசம்பர் 4ஆம் தேதி கல்கத்தாவில் பெண்டிங்க் பிரபு காலத்தில் வந்த பதினேழாம் ஒழுங்குமுறை. கணவன் சிதையில் மனைவியை எரிக்கும் வழக்கம் சட்டவிரோதம், தண்டனைக்குரியது என்று அது அறிவித்தது. அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்திலும் அதே தடை வந்தது. எதிர்த்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். 1832ல் அந்த மேல்முறையீடு தள்ளுபடியானது. ராம்மோகன் ராயின் பெயர் இதனால்தான் நம் பாடப்புத்தகங்களில் நிலைத்தது.

நம் பக்கத்திலும் அப்படிப்பட்ட தடைகள் உண்டு. ராஜாஜி 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின் 1947ல் தேவதாசியாகப் பொட்டுக்கட்டும் வழக்கம் தடைசெய்யப்பட்டது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. இவை எல்லாவற்றிலும் ‘அவுட்லா’ ஆனது ஒரு செயல். செயலை விட்டவருக்குச் சட்டத்தோடு பகை இல்லை.

சங்கத்தை விலக்கிய சட்டம்

அடுத்த படி, ஆட்கள் கூடும் அமைப்பைத் தடைசெய்வது. 1908ல் வந்த இந்தியக் குற்றவியல் திருத்தச் சட்டம் ‘சட்டவிரோதச் சங்கம்’ என்ற வகையை உண்டாக்கியது. வங்காளத்தின் அனுசீலன் சமிதி முதலிய புரட்சி இயக்கங்கள் 1909ல் அதன்கீழ் தடைசெய்யப்பட்டன. பின்னாளில் காங்கிரஸ் அமைப்புகளும் கம்யூனிஸ்டு கட்சியும் அதே வலையில் விழுந்தன.

சுதந்திரம் வந்த பிறகும் அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. சென்னை அரசு அதில் ஒரு திருத்தம் செய்து, 1950 மார்ச்சில் ‘மக்கள் கல்விக் கழகம்’ என்ற சங்கத்தைச் சட்டவிரோதம் என அறிவித்தது. அதன் செயலாளர் பாரிஸ்டர் வி.ஜி. ராவ் நீதிமன்றம் போனார். சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றார். 1952 மார்ச் 31ஆம் தேதி, தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரியின் தீர்ப்பில், உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சங்கம் சேரும் உரிமையைப் பறிப்பதானால், அரசின் மனத்திருப்தி மட்டும் போதாது; காரணங்களை ஒரு நீதி விசாரணை பரிசீலிக்க வழி இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

1967ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஒரு சங்கத்தைச் சட்டவிரோதம் என அறிவித்தால் தீர்ப்பாயம் ஆறு மாதத்துக்குள் அதைப் பரிசீலிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. 2019ல் அதே சட்டத்தில் செய்த திருத்தம், அமைப்புகளை மட்டுமல்லாமல் தனி மனிதரையும் பயங்கரவாதி என்று பட்டியலிட அரசுக்கு அதிகாரம் தந்தது. அது சரியா தவறா என்ற வாதம் வேறு. ஆனால் பட்டியலில் பெயர் எழுதுவது என்றாலே சுல்லாவின் பலகை நினைவுக்கு வராமல் போகாது.

பிறப்பை விலக்கிய சட்டம்

இனி நம் காயத்துக்கு வருவோம். செயலை விலக்கலாம், சங்கத்தை விலக்கலாம். பிறக்காத பிள்ளையை விலக்க முடியுமா? முடியும் என்று எழுதி வைத்த சட்டம் 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம். முதலில் வட இந்தியாவில் தொடங்கி, 1876ல் வங்காளத்துக்கு விரிந்து, 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சென்னை மாகாணம் உட்பட எங்கும் நடைமுறைப்படுத்தும் வழி திறந்தது. அரசு ஒரு சாதியைப் பட்டியலில் சேர்த்து அறிவித்தால் போதும். அந்த அறிவிப்பு செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது. மாக்ன கார்ட்டா 1215ல் கேட்ட ‘முறையான தீர்ப்பு’ இங்கே தேவைப்படவில்லை.

நம் ஊரில் அதற்குக் ‘கைரேகைச் சட்டம்’ என்றே பெயர். காரணம், பட்டியலில் உள்ள சாதியார் கைரேகை பதிக்க வேண்டும். இந்த ரேகைக்கும் கல்கத்தாவுக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. உலகின் முதல் கைரேகைப் பணியகம் 1897ல் இங்கே கல்கத்தாவில்தான் தொடங்கியது. வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்டு ஹென்றியின் பெயரால் வழங்கும் வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அஜீசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு வங்காள அதிகாரிகளின் உழைப்பு பெரியது.

அந்தக் கருவி நல்லதுக்கும் பயன்பட்டது. ஜல்பாய்குரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொலையுண்டார். அங்கே கிடந்த வங்காளப் பஞ்சாங்கத்தில் இருந்த கட்டைவிரல் பதிவைக் கொண்டு ஒருவன் பிடிபட்டான். 1898ல் நீதிமன்றம் திருட்டுக்கு அவனைத் தண்டித்தது. கொலையை அந்த ரேகை மட்டும் நிரூபிக்கவில்லை என்று கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஒரு மனிதன், ஒரு செயல், ஒரு ரேகை, ஒரு விசாரணை. இதுதான் சட்டம் நடக்க வேண்டிய முறை.

அதே கருவி மதுரைச் சீமைக்கு வந்தபோது கதை தலைகீழானது. எதுவும் செய்யாதவன் ரேகை கொடுக்க வேண்டும். ராத்திரி போலீஸ் ஸ்டேஷனிலோ சொன்ன இடத்திலோ வந்து படுக்க வேண்டும். அடுத்த ஊருக்குப் போக ‘ராத்திரிச் சீட்டு’ வாங்க வேண்டும். புதிதாகக் கல்யாணம் ஆனவனுக்கும் இதே விதி. பிறமலைக் கள்ளர் மக்களில் ஒரு பகுதியினரை 1914லும், பின் 1918ல் சமூகம் முழுவதையும் பட்டியலில் கொண்டுவந்தார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ஊரார் ரேகை கொடுக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள்.

‘ரோசாப்பூ துரை’ என்று மக்கள் அன்போடு அழைத்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் அவர்களுக்காக வாதாடினார். முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம் போன்றோர் மேடை மேடையாகப் பேசினார்கள். சென்னை மாகாணத்தில் 1947லும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்டு 31லும் சட்டம் நீங்கியது.

இடைக்கால இங்கிலாந்தின் அவுட்லாவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அவனையாவது பெயர் சொல்லி அழைத்தார்கள். வந்து பதில் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். இங்கே அழைப்பும் இல்லை, பதிலும் இல்லை. தாய் வயிறே குற்றப்பத்திரிகை.

சட்டம் போனது, சொல் போகவில்லை

விடுவிக்கப்பட்ட மக்களை ஆங்கிலத்தில் ‘டீநோட்டிஃபைடு’ என்றார்கள், பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர். தமிழ்நாட்டில் ‘சீர்மரபினர்’ என்ற அழகான பெயர் அமைந்தது. ஆங்கிலப் பெயர் பழைய பட்டியலைத் திரும்பிப் பார்க்கிறது. தமிழ்ப் பெயர் மரபின் சீரை முன்னால் வைக்கிறது.

ஆனால் காகிதத்தில் ஒரு சொல் மாறினால் வாழ்க்கை மாறும் என்பதற்கும் இதிலேயே சாட்சி உண்டு. 1979ல் ஓர் அரசாணை, இம்மக்களின் பட்டியலில் ‘பழங்குடியினர்’ என்று இருந்ததைச் ‘சமூகத்தினர்’ என்று மாற்றியது. சொல் ஒன்றுதான். அதன் பிறகு மத்திய அரசின் சலுகைக்குச் சான்றிதழ் செல்லுமா என்ற குழப்பம் கிளம்பி, நாற்பது ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், 2019ல் மாநிலத்துக்கு ஒரு பெயரும் மத்திய அரசுக்கு ஒரு பெயருமாக இரண்டு சான்றிதழ் தரும் ஏற்பாடு வந்தது. "ஒரு வார்த்தைதானே, அதுல என்ன இருக்கு?" என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

வங்காளத்தில் லோதாக்களும் கேரியா சபர்களும் இதே பட்டியலில் இருந்தவர்கள். லோதா சமூகத்தின் முதல் பெண் பட்டதாரி சுனி கோட்டால், படிக்கும் இடத்தில் சாதிப் பெயரால் பட்ட அவமானம் தாளாமல் 1992 ஆகஸ்டில் தற்கொலை செய்துகொண்டார். புருலியாவில் புதன் சபர் என்ற இளைஞர் 1998 பிப்ரவரியில் காவலில் இறந்தார். மஹாஸ்வேதா தேவியும் சபர் நலச் சங்கத்தாரும் கல்கத்தா உயர் நீதிமன்றம் சென்றார்கள். நீதிமன்றம் இழப்பீடும் மறு விசாரணையும் உத்தரவிட்டது. சட்டம் நீங்கி நாற்பது, நாற்பத்தாறு ஆண்டுகள் கழிந்த பின் நடந்தவை இவை. அரசிதழில் அழித்த சொல் ஆட்களின் மனதில் அழியவில்லை.

நம் சிலப்பதிகாரம் இதை அப்போதே சொல்லிவிட்டது. கோவலன் செய்தது என்ன? காற்சிலம்பு விற்கப் போனான். பொற்கொல்லன் சூட்டிய பெயர் ‘கள்வன்’. பாண்டியன் விசாரிக்கவில்லை, பெயரை நம்பினான். கண்ணகி சபையில் கேட்டது இரக்கம் அல்ல, விசாரணை. சிலம்பை உடைத்து, மாணிக்கமா முத்தா என்று சாட்சியத்தைக் காட்டினாள். ஒரு வெளியூர்க்காரன், தெரிந்தவர் யாரும் இல்லாத நகரில், ஒரு சொல்லால் செத்தான் என்பதை, பிழைப்புக்கு ஊர்விட்டு வந்த நாம் மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்று நாம் செய்யக் கூடியது

இன்றைய இந்தியச் சட்டத்தில் பழைய அவுட்லாவுக்கு ஓரளவு நெருங்கியவர் ‘அறிவிக்கப்பட்ட குற்றவாளி’. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 84ஆம் பிரிவின்படி, தலைமறைவானவரை ஆஜராகச் சொல்லி நீதிமன்றம் அறிவிப்பு வெளியிடும். குறைந்தது முப்பது நாள் அவகாசம் தரும். வராவிட்டால் சொத்தை முடக்கலாம். குறிப்பிட்ட நிலைகளில் அவர் இல்லாமலே விசாரணையும் நடத்தலாம். ஆனால் அவர் உயிருக்கும் மானத்துக்கும் சட்டத்தின் காவல் நீங்குவதில்லை. ஓநாய்த் தலை இப்போது யாருக்கும் இல்லை. இத்தனை நூற்றாண்டு நடந்து மனித குலம் பெற்ற லாபம் அதுதான்.

அந்த லாபத்தைப் பேச்சில் நாம் இழந்துவிடக் கூடாது. பழைய பேப்பர் எடுக்க வருகிறவர், புருலியாப் பக்கமிருந்து வேலைக்கு வரும் பெண், குடிசைப் பகுதிப் பையன்கள் என்று யாரைப் பார்த்தாவது "அந்த ஜாதியே அப்படித்தான், ஜாக்கிரதை" என்று பிள்ளைகள் காதுபடச் சொல்கிறோம். அப்படிச் சொல்லும்போது 1871ஆம் ஆண்டுச் சட்டத்தை நம் வரவேற்பறையில் மறுபடி அமலுக்குக் கொண்டுவருகிறோம். "மதராஸிங்கன்னாலே இப்படித்தான்" என்று யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வரவில்லையா?

மொழிபெயர்க்கும்போதும் கவனம் வேண்டும். மனிதரைக் குறிக்க வேண்டிய இடத்தில் அவர் செய்ததைச் சொல்லுங்கள்: ‘திருடியவர்’, ‘சட்டத்தை மீறியவர்’, ‘குற்றம் சாட்டப்பட்டவர்’. தீர்ப்பு வரும்வரை ‘குற்றவாளி’ வேண்டாம். தடையைக் குறிக்கும்போது எதற்குத் தடை, யார் விதித்தது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். ‘குற்றப் பரம்பரை’ என்ற சொற்றொடரை வரலாறு எழுதுகையில் அன்றி வேறெங்கும் பயன்படுத்த வேண்டாம். பரம்பரையாக வருவது நிறமும் மூக்கும், குற்றம் அல்ல.

அடுத்த முறை பிள்ளை "அவுட்லான்னா என்னப்பா?" என்று கேட்டால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "கெட்ட காரியத்தைச் சட்டம் வெளியே தள்ளும்போது, அது நல்ல சட்டம். மனுஷனை வெளியே தள்ளினால், சட்டத்தையே ஒரு தடவை நிறுத்திக் கேள்வி கேட்கணும்." பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும்.